கச்சான் காற்றும் ஒரு கொங்கிரீட் கூரையும்

நான் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் கல்முனைக்குப் போனது நெல் பூவின் வயிற்றைக் கிழித்து உள்ளே பார்ப்பதற்காக. விமான நிலையத்தில் காரணம் கேட்ட அதிகாரியிடம் இதைக் கொஞ்சம் நாகரிகமாகவே சொன்னேன். மகரந்தம் உருவாகும்போது எந்த மரபணு எந்த நாளில் விழிக்கிறது, எந்த நாளில் தூங்கப் போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை என்றேன். அவர் என் அனுமதிக் கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி மொழிபெயர்த்துச் சொன்னார்: "பூ பார்க்க வந்திருக்கிறாராம், எந்த வரிசையில் விடுவது என்று கேட்கிறார்." சுற்றுலாப் பயணிகள் வரிசையில் விட்டார்கள்.

என்னை வரவழைத்தவர் மருதமுனையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஜெமீலா டீச்சர். இணையத்தில் நான் நடத்திய ஒரு வகுப்பைக் கேட்டுவிட்டு மின்னஞ்சல் எழுதியிருந்தார். அவர்கள் பக்கத்தில் கோடைச் சாகுபடியான சிறுபோகத்து நெல் பூக்கும் மாதங்களில் மேற்கிலிருந்து ஒரு வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும். கச்சான் என்று பெயர். போன ஆண்டு அது அடித்த அடியில் வட்டை முழுவதும், அதாவது அந்த வயல்வெளி முழுவதும், நெல் சப்பியாகிவிட்டது. சப்பி என்பது எங்கள் தஞ்சாவூரில் பதர். ஆனால் டீச்சரின் அண்ணன் ரசாக்கின் வயலில் மட்டும் மணி பிடித்திருந்தது. பக்கத்து வயல்காரர்கள் பதினொரு பேர் இந்த ஆண்டு அவரிடம் விதைநெல் வாங்கி விதைத்திருக்கிறார்கள். "அந்த நெல்லில் என்ன இருக்கிறது என்று வந்து பாருங்கள்" என்று முடித்திருந்தார்.

வெயிலுக்கு அசையாத மகரந்தத்தை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்ததெல்லாம் வெயிலுக்கு அசைந்த மகரந்தம். எனக்கும் ஆசை இருந்தது, மறைப்பதற்கில்லை.

கொழும்பிலிருந்து பகல் பஸ். பனிக்கட்டிப் பொட்டலங்கள் அடுக்கிய என் பெட்டியை, விருந்தாளியின் சாமான் என்று மரியாதை கொடுத்து, நடத்துநர் தன் கையாலேயே வாங்கி ஓட்டுநருக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். அது இஞ்சின் மூடி. பாதி வழியில் நான் போய்த் தொட்டபோது பெட்டியில் இட்லி வேகவைக்கலாம் போலிருந்தது. நான் பதறியதைப் பார்த்து அவர் ஓட்டுநரிடம் சிங்களத்தில் சொன்னதை முன் இருக்கைக்காரர் தமிழில் தந்தார்: "உள்ளே ஐஸ் இருந்ததாம். சொல்லியிருந்தால் பெட்டியை வெயில் படாமல் போர்த்தியிருப்பேனே என்கிறார்." நல்ல மனிதர். இறங்கும்போது பெட்டியையும் அவரே தூக்கித் தந்தார், சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றி.

கல்முனைச் சந்தையில் மீனுக்குப் போடும் ஐஸை ஒரு பை நிறைய வாங்கிப் பெட்டியில் கொட்டினார் டீச்சர். அடுத்த ஐந்து நாளும் உலகத் தரமான என் ஆராய்ச்சியில் லேசாகச் சூரை மீன் மணந்தது.

என்னைத் தங்கவைத்தது ரசாக்கின் மூத்த மகள் சபானாவின் வீட்டில். ஊர்ப் பழக்கத்தில் ரசாக்கை "பாய்" என்று கூப்பிட வாயெடுத்தேன். இங்கே காக்கா என்றுதான் சொல்ல வேண்டும், அண்ணன் என்று அர்த்தம் என்று டீச்சர் காதில் போட்டுவைத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ரசாக் காக்காவுக்கு. கறுத்து ஒல்லியான ஆள், மடித்துக் கட்டிய சாரன், எங்கள் ஊர்க் கைலி. வாசலில் நின்று, "வாங்க டொக்டர், பயணமெல்லாம் சொகமா?" என்றார். பெரிய வீடு, மேலே புதிய கொங்கிரீட் கூரை. நல்ல வீடு என்றேன்.

"இது மூத்தவட வூடு. நாங்க இஞ்ச விருந்தாளிதான்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. டீச்சர்தான் விளக்கினார். "எங்கட பக்கத்துல பொம்புளப் புள்ளைக்கு வூடு கட்டிக் குடுத்துத்தான் கலியாணம். மாப்புள வந்து வூட்டுல இரிக்கிற. உம்மாவும் வாப்பாவும் பின்னால ஒதுங்குற."

எங்கள் ஊரில் பெண்தான் பெட்டியோடு வீட்டை விட்டுப் போவாள். இங்கே பெண் அசைவதில்லை, பெற்றவர்கள் போகிறார்கள். ரசாக் காக்காவும் அவர் மனைவியும் பின்பக்கத்து ஒற்றை அறையில் இருந்தார்கள். அதற்கும் பக்கத்தில் இன்னொரு வீடு சுவர் மட்டத்தில் நின்றது, கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி. அது இரண்டாவது மகள் றிப்காவுக்கு. கூரை இன்னும் போடவில்லை. இந்தப் போகத்து நெல் வீட்டுக்கு வந்ததும் போடுவதாக ஏற்பாடு.

அன்றைக்குச் சாப்பாடு சோறு, ஆணம் என்று இவர்கள் சொல்லும் அறக்குளா மீன் குழம்பு, கீரைச் சுண்டல், எருமைத் தயிர். மூன்று தடவை போதும் என்றேன். எங்கள் ஊரில் மூன்றாவது "போதும்" சட்டப்படி செல்லும். இங்கே அது கணக்கில் வரவில்லை. "டொக்டர் ஒண்டும் திண்ணல்ல," என்று சபானா உள்ளே போய்ச் சொன்னது கேட்டது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் இருந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ஆட்டோவில் சவளக்கடை வயலுக்குக் கிளம்பினோம். கிட்டங்கிப் பாலத்தின் நடுவில் கிளச் கம்பி அறுந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், தலைக்கு மேல் வெயில், சேற்றில் கொக்குகள். ஓட்டுநர் ஆட்டோவைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து அல்லாஹ்வை நினைத்தார். ரசாக் காக்கா சாரன் மடிப்பிலிருந்து ஒரு சுருள் கம்பியை எடுத்தார். கட்டடக் கம்பிகளை முடிச்சுப் போடும் மெல்லிய கம்பி. ஐந்து நிமிடத்தில் ஆட்டோ கிளம்பியது. விவசாயி மடியில் எதற்குக் கட்டடக் கம்பி என்று கேட்டேன். "கூர முடியிற மட்டும் இது மடியிலதான்," என்றார்.

வயல் அழகாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. வரப்பில் நின்றால் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அறைந்தது, அடுப்பங்கரைக் கதவைத் திறந்ததுபோல. இது குறைந்த காற்றாம். பத்து நாளைக்கு முன்னால் ஒரு வாரம் அடித்ததுதான் காற்று என்றார்கள்.

ரசாக் காக்கா உள்ளே இறங்கி, இருப்பதிலேயே பெரிதாக, வெளியே வந்து தலை நீட்டியிருந்த கதிர்களைப் பார்த்துப் பார்த்து அறுத்து, பூச்செண்டு கொடுப்பதுபோல என்னிடம் நீட்டினார். இவற்றில் நான்கு எனக்கு வேண்டும், மற்றவை இன்னும் இலை உறைக்குள் இருப்பவையாக வேண்டும் என்றேன். அந்தப் பருவத்தை எங்கள் பக்கத்தில் தொண்டைக்கதிர் என்பார்கள். இங்கே குடலை.

"குடலையிலயா?" அவர் முகம் மாறியது. "வயித்துல இரிக்கிறத வெட்டுறயா, டொக்டர்?"

"பதினைந்து போதும்."

பிறகு "பிஸ்மில்லாஹ்" என்று தானே குனிந்து அறுத்தார். ஒவ்வொன்றையும் என் கையில் வைக்கும்போது அடுத்ததைத் தரலாமா என்று யோசிப்பது தெரிந்தது. நான் வரப்பிலேயே உட்கார்ந்து, மகரந்தப் பைகளைப் பிரித்தெடுத்துக் குழாய்களில் இருந்த திரவத்தில் அமிழ்த்தினேன். அந்தந்த நேரத்தில் செடிக்குள் ஓடிய செய்திகள் அழியாமல் அதில் அப்படியே நிற்கும். தஞ்சாவூருக்குப் போய் ஆறஅமரப் படிக்கலாம்.

"இதுக்குள்ள அப்பிடி என்னதான் நடக்குது?" என்றார் ரசாக் காக்கா.

சொன்னேன். மகரந்தப் பையின் உள்சுவரில் டபீட்டம் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. குட்டி மகரந்தத்துக்குச் சோறு ஊட்டுவது அதன் வேலை. ஊட்டி முடித்ததும் குறித்த நாளில் தானே செத்துக் கரைய வேண்டும். அதற்கென்று மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று விழித்து அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். முறை தப்பக் கூடாது. அந்த நாட்களில் பெரிய சூடு வந்தால் எழுப்ப வேண்டியது எழுப்பாமல் போய்விடுகிறது. அடுக்கு முன்னதாகவே செத்துவிடும், மகரந்தம் பட்டினி கிடக்கும், கதிர் பார்க்க அழகாக வெளியே வரும், உள்ளே மணி இருக்காது. அதற்கு முந்தின வாரமோ பிந்தின வாரமோ அதே சூடு வந்தால் இவ்வளவு சேதம் இல்லை.

அவர் வானத்தைப் பார்த்து யோசித்தார். "அப்ப அது முட்டு மாதிரி. கொங்கிரீட் போட்டா கீழ பலகையும் முட்டும் குடுக்கிறதானே? இறுகுற மட்டும் நிக்கணும். முந்திக் களட்டினாக் கூர வந்துரும். களட்டாமலே உட்டா வூட்டுல இரிக்க ஏலா."

இருபது ஆண்டு வகுப்புகளில் எனக்குத் தோன்றாத உவமை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நெல் விவசாயி நெல்லுக்குச் சொல்லும் உவமை கட்டடத்திலிருந்து வருகிறது என்றால், அந்த மனிதரின் மனம் நீண்ட நாளாக வயலில் இல்லை.

எப்போது விதைத்தது என்று கேட்டேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் வட்டையில் எல்லோரும் ஒரே சமயத்தில் விதைப்பார்கள், தண்ணீர் முறை அப்படி என்று தேதியைச் சொன்னார். போன ஆண்டு? போன ஆண்டும் அப்படித்தான் என்று பக்கத்து வரப்பில் நின்றவர் தேதி சொன்னார். ரசாக் காக்கா அப்போது ஒரு களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு தேதிகளையும் எழுதிக்கொண்டேன்.

குழாய்களைச் சபானா வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தேன், ஒரு பக்கம் அறக்குளாத் துண்டுகள், மறுபக்கம் தெருப் பிள்ளைகளுக்கு அவள் செய்து வைத்திருந்த ஐஸ்பழம், நம் குச்சி ஐஸ். எது எது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்.

மூன்றாம் நாள் டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். விடுமுறை, யாரும் இல்லை. கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்கும் பழைய நுண்ணோக்கி. எனக்கு அது போதும், அன்றைக்குப் பார்க்க வேண்டியது எளிய சங்கதி. பூக்கப்போகும் மகரந்தத்தில் அயோடின் ஒரு சொட்டு விட்டால், மாவுச்சத்து நிறைந்தது கறுக்கும். பட்டினி கிடந்தது வெளிறிய மஞ்சளாகவே நிற்கும்.

முதல் கண்ணாடித் துண்டில் பாதிக்கு மேல் மஞ்சள். என் கைத்தவறு என்று நினைத்தேன். இரண்டாவது, மூன்றாவது. வயலின் வேறு வேறு இடத்துக் கதிர்கள். பத்தாவதும் அப்படியே. பக்கத்து வயலில் வேறு நெல் விதைத்தவரிடமிருந்து ஒரு கதிர் கொண்டுவந்திருந்தேன், ஒப்பிட்டுப் பார்க்க. அதுவும் பாதி மஞ்சள். ரசாக் காக்காவின் நெல் மற்ற நெல்லைவிட ஓர் இம்மிகூட மேல் இல்லை.

டீச்சரைப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "பதினொரு பேர்," என்றார்.

வெளியே வயல் பச்சையாக நின்றுகொண்டிருக்கிறது, அதன் சொந்தக்காரர் மகள் வீட்டுக்குக் கூரை போடக் கம்பியை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறார், அது பாதி சப்பி என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மணி முற்றாமல் யார் பார்த்தாலும் தெரியப்போவதில்லை. என் தொழிலில் இப்படி ஒரு இடத்தில் நான் நின்றதில்லை. வெட்கமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

"காக்காக்கு இப்ப செல்ல வேணாம்," என்றார் டீச்சர். "முதல்ல சோறு திண்ணுவம். மறுகா செல்லுவம்."

சோறு இறங்கவில்லை. ஆணத்தில் காரம் கூடிவிட்டது என்று முடிவுசெய்து சபானா இன்னொரு சட்டித் தயிரைக் கொண்டுவந்து வைத்தாள். மன்னிப்புக் கேட்கும் விதமாக அதையும் சாப்பிட்டேன்.

பிறகு என் புடவையைக் காயப்போட மாடிக்குப் போனேன். கூரையின் ஓரத்தில், சீமெந்து ஈரமாக இருந்தபோது யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள்: சபானாவின் பெயர், கத்தாரில் இருக்கும் அவள் கணவரின் பெயர், கொங்கிரீட் போட்ட தேதி. பக்கத்தில் ஒரு செருப்புத் தடம். தேதியைப் பார்த்துவிட்டுக் கொடியில் பாதி போட்ட புடவையை அப்படியே விட்டுக் கீழே இறங்கினேன். குறிப்பேட்டை எடுத்தேன். போன ஆண்டு வட்டை விதைத்து முடித்ததற்கு ஒரு வாரம் கழித்து இந்த வீட்டுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள்.

"கூரை போட்டபோது வாப்பா விதைத்துவிட்டாரா?" என்று சபானாவிடம் கேட்டேன்.

"எங்க? அந்த மாசம் வாப்பா வயல் பக்கமே போகல்ல, டொக்டர். சீமெந்து தட்டுப்பாடு. லொறிக்குப் பின்னால அலஞ்ச."

ரசாக் காக்கா கூரையில்லாத வீட்டில் ஒரு சீமெந்துக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே இன்னொரு கல்லில் உட்கார்ந்து, பாதி மஞ்சள் என்பதையும் கூரையில் இருந்த தேதியையும் சொன்னேன். டீச்சர் கதவு வைக்காத வாசலில் நின்றார்.

அவர் மறுக்கவில்லை. "பன்னெண்டு நாள் பிந்தித்தான் வெதச்ச," என்றார்.

"அதனால்தான் போன ஆண்டு உங்கள் நெல் தப்பியது. காற்று அடித்தபோது அது இன்னும் சின்னது. நெல்லில் ஒன்றும் இல்லை."

"நான் பொய் செல்லல்ல, டொக்டர். ஆரும் கேக்கல்ல. ரசாக், ஒங்கட நெல்லு நல்ல சாமான் எண்டு வந்து நிண்டாங்க. இந்த வட்டையில எனக்கு முப்பது வருசம். ஒருத்தன் என்னட்ட வந்து கேட்டது அதுதான் மொத தரம். ஓம் எண்ட." கம்பிச் சுருளைப் பிரித்து மறுபடி சுற்றினார். "கலியாணத்துக்கு நாள் குறிச்சிப் போட்டு, கூர இல்லாம, வெதப்பையும் உட்டுட்டு அலஞ்ச எண்டு எப்பிடிச் செல்லுற? மகள்ட மாப்புள வூட்டுக்காரங்கட காதுல உழுந்தா?"

"காக்கா," என்றார் டீச்சர்.

"அதுக்குப் பிறகு எனக்கே அது நெல்லுலதான் எண்டு ஆயிட்டு," என்றார். எனக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் தேடிய நானும், தேதி கேட்டபோது களை பிடுங்கிய மனிதரைப் பார்த்தும், பக்கத்து வரப்புக்காரர் சொன்ன தேதியைத்தான் எழுதிக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் காலை, தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனோம். முதலில் எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடினார். பிறகு பிடிபட்டது.

"கறுப்புத்தான் நல்லதா?"

"ஓம்," என்றேன். நான்கு நாளில் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மத்தது பசில செத்த." எண்ணுகிறாரோ என்னவோ, உதடு அசைந்தது. நிமிர்ந்தபோது கேட்டது தன் வயலைப் பற்றி இல்லை. "இன்னும் குடலைக்கு வராத வயலுக்கு என்ன செய்ற?"

அப்படி வயல் இருக்கிறதா என்றேன். இருந்தது. விதை வாங்கிய பதினொரு பேரில் நான்கு பேருடையது வாய்க்காலின் கடைசி. இந்த ஆண்டு அங்கே தண்ணீர் போய்ச் சேரவே நாளாகிவிட்டது, அதனால் பிந்தி விதைத்தவர்கள். ஆட்டோவைப் பிடித்துப் போனோம். நான்கு வயல்களிலும் இறங்கி, கடைசி இலையின் கழுத்துக்கும் அதற்கு முந்தின இலையின் கழுத்துக்கும் இடைவெளியை அளந்தேன். வெளியிலிருந்தே உள்ளே மகரந்தம் எந்த வயதில் இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். இரண்டு கழுத்தும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. சோறு ஊட்டும் நாட்கள் இப்போதுதான் ஆரம்பம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. ஒரே விதை, ஒரே வட்டை, ஒரு பக்கம் காற்று பிடித்தது, மறுபக்கம் பிடிக்காதது. இப்படி ஒரு ஒப்பீடு தஞ்சாவூரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. குழாய்களை நிரப்பிக்கொண்டேன். நிரப்பும்போது ரசாக் காக்காவின் முகத்தைப் பார்க்காமல் நிரப்பினேன்.

"காத்து இன்னும் இரிக்கி," என்றார் அவர். "இன்னொரு அடி வரும்."

வயலில் தண்ணீர் ஆழமாக, ஓடிக்கொண்டே நின்றால் குடலைக்குக் கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும் என்றேன். பத்து நாள் அப்படி நின்றால் ஒருவேளை தப்பலாம், உத்தரவாதம் தர முடியாது. அவர் வாய்க்காலைப் பார்த்தார். கடைசி வயலில் கணுக்கால் நனையும் தண்ணீர்கூட இல்லை.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, வாய்க்கால் கரை மருத மரத்தடியில் பதினொரு பேரும் கூடினார்கள். தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையும் வந்திருந்தார். நெல்லின் பெருமையை இந்தியாவிலிருந்து வந்த டொக்டர் சொல்லப்போகிறார் என்று வந்தவர்கள். ஒருவர் எனக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் ரசாக் காக்கா எழுந்து, கொங்கிரீட், சீமெந்து லொறி, பன்னிரண்டு நாள், பாதி மஞ்சள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மகரந்தம் கிளம்பும்போதே, பூவின் சூல்முடியில் விழுந்த பிறகு பேச வேண்டிய செய்திகளை எழுதி உள்ளே மடித்து வைத்துக்கொண்டுதான் கிளம்பும். விழுந்ததும் யோசிக்க நேரமில்லை. அவர் பேசியது அப்படி இருந்தது.

பிறகு சலீம் என்ற கனத்த ஆள், கடைசி வயல்காரர்களில் ஒருவர், மெதுவாகச் சொன்னார்: "காக்கா, அண்டைக்குக் கொங்கிரீட் சுமந்தது ஆரு? நான். நெய்ச்சோறும் மாட்டிறச்சியும் திண்டுட்டுக் கை கழுவக்குள்ள நான்தானே கேட்ட, காக்கா வெதச்சிட்டீங்களா எண்டு. நாளைக்கி எண்டீங்க."

"நானும் வந்த," என்றார் இன்னொருவர். "கம்பி கட்டினது நானும் மச்சானும்."

ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தது. பதினொரு பேரில் ஒன்பது பேர் அன்றைக்கு அங்கே இருந்திருக்கிறார்கள். தங்கள் வயலை விதைத்து முடித்து, கை ஓய்ந்து, விதைக்காத மனிதருக்குக் கூரை போட்டுக் கொடுக்கப் போனவர்கள். செருப்புத் தடம் யாருடையது என்பதுகூடத் தெரிந்தது, சலீமுடையது. என் ஆராய்ச்சிக்குத் தேவையான முக்கியத் தகவல் ஒரு வருடமாக இவர்களிடமே இருந்திருக்கிறது. நெய்ச்சோற்றோடு சேர்த்து அதையும் செரித்துவிட்டிருக்கிறார்கள்.

ஒருவர் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். இந்த ஆண்டு ரசாக் காக்காவோடு ஒரே நாளில் விதைத்தவர், அவர் வயலும் பாதி சப்பிதான். அவரை யாரும் கூப்பிடவில்லை.

ரசாக் காக்கா வட்டவிதானையிடம் திரும்பினார். "என்ட முறத் தண்ணிய இவங்க நாலு பேருக்கும் உடுங்க. பத்து நாளைக்கி."

நான் குறுக்கிட்டேன். அவர் வயலில் மிஞ்சிய பாதி மணி பிடிக்க இப்போதுதான் தண்ணீர் வேண்டும், விட்டுக்கொடுத்தால் அந்தப் பாதியும் குறையும் என்றேன்.

"தெரியும், டொக்டர்," என்றார். முப்பது வருடமாக நெல் விதைப்பவரிடம் போய் நான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் முறைத் தண்ணீருக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். விட்டுக்கொடுத்ததைப் பார்த்ததில்லை. வட்டவிதானை குறிப்புப் புத்தகத்தை எடுத்தார், திரும்ப வைத்துக்கொண்டார். "எழுதத் தேவல்ல," என்றார்.

ஐந்தாம் நாள் காலை, பஸ்ஸுக்கு முன்னால் வயலுக்குப் போய்வரலாம் என்றார் டீச்சர். கிளச் கம்பி இன்னும் அந்தக் கட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் என் பெட்டி, உள்ளே குழாய்கள், சூரை மணக்கும் ஐஸ், ஓரத்தில் சபானா எனக்குத் தெரியாமல் செருகிவைத்த இரண்டு ஐஸ்பழம். கச்சான் இரவிலேயே திரும்ப வந்திருந்தது. சாலையோரப் பனை ஓலைகள் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன.

ரசாக் காக்கா தன் வயலின் வக்கடையில், வாய்க்காலிலிருந்து தண்ணீர் உள்ளே இறங்கும் வெட்டில், நின்றுகொண்டிருந்தார். சேற்றை அள்ளி வைத்துக் காலால் மிதித்து அடைத்தார். தண்ணீர் ஒரு கணம் அங்கேயே சுழன்று நின்றது. பிறகு அவர் வயலைத் தாண்டிக் கீழே போக ஆரம்பித்தது. சலீம் தொலைவில் தன் வயல் முனையில் மண்வெட்டியோடு காத்திருப்பது தெரிந்தது.

கூரையில்லாத அந்த வீடு நினைவுக்கு வந்தது. "றிப்கா வீட்டுக் கூரை?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் காலில் இருந்த சேற்றை வாய்க்காலில் அலசினார். மடியைத் தடவி, கம்பிச் சுருள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"அது பிந்தும், டொக்டர்," என்றார். "பிந்தட்டும். போன முற பிந்தினதுலதானே எங்களுக்கு நெல்லு புடிச்ச."